பொருள்நோக்கு நிரலாக்கம்: நிலுவை சரியாக வருகிறது, பற்று விவரம் மட்டும் கலந்துவிடுகிறது – ஏன்?

கேள்வி: சிட்டைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நான் வணிகவியல் படித்தவன். கணினி எனக்கு ஒருபோதும் பாடமாக இருந்ததில்லை. எங்கள் வீட்டு மளிகைக் கடையின் கடன் கணக்கைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்ற ஒரே நோக்கத்தில் சில மாதங்களாகப் பைத்தான் என்ற நிரல்மொழியை நானாகவே படித்து வருகிறேன். மாறிகள், இஃப், ஃபார் லூப், ஃபங்ஷன், லிஸ்ட், டிக்‌ஷனரி என்று ஒவ்வொன்றாகக் கடந்து வந்தபோது பெரிய சிரமம் இருக்கவில்லை. பொருள்நோக்கு நிரலாக்கம் (கிளாஸ், ஆப்ஜெக்ட் கொண்டு எழுதும் முறை) என்ற அத்தியாயத்தில்தான் கால் இடறிவிட்டது. நான் பார்த்த பாடங்கள் எல்லாவற்றிலும் விலங்கு என்று ஒரு கிளாஸ் வருகிறது. அதிலிருந்து நாயும் பூனையும் பிறக்கின்றன. நாய் குரைக்கிறது, பூனை கத்துகிறது, பாடம் முடிந்துவிடுகிறது. எங்கள் கடையிலும் எலி பிடிக்க ஒரு பூனை உண்டு. ஆனால் அதற்குக் கடன் கணக்கு இல்லை.

நிரலை முதலில் டிக்‌ஷனரிகளைக் கொண்டே எழுதினேன். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு டிக்‌ஷனரி, அதில் பெயர், நிலுவை, பற்றுகள் என்று மூன்று சாவிகள். பற்று எழுதவும், வரவு வைக்கவும், மாதக் கடைசியில் பட்டியல் அச்சிடவும் தனித்தனி ஃபங்ஷன்கள். அது ஒழுங்காகவே ஓடியது. கிளாஸ் பழக வேண்டும் என்பதற்காக அதையே மாற்றி எழுதினேன். பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்கிறது. வாடிக்கையாளர் என்ற கிளாஸின் தலைப்புக்கு நேர் கீழே இந்த மூன்று வரிகள் இருக்கின்றன:

பெயர் = ""
நிலுவை = 0
பற்றுகள் = []

அவற்றுக்குக் கீழே பற்று_எழுது என்ற மெத்தட் (கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷன்) இருக்கிறது. அது செல்ஃபின் நிலுவையோடு தொகையைக் கூட்டி, செல்ஃபின் பற்றுகள் பட்டியலில் அப்பெண்ட் மூலம் விவரத்தைச் சேர்க்கிறது. முன்னும் பின்னும் இரட்டை அடிக்கோடு போட்ட 'இனிட்' என்ற மெத்தட் எதற்கென்று புரியாததால் அதை எழுதவில்லை. ஆப்ஜெக்டை உருவாக்கிவிட்டுப் பெயரைத் தனி வரியில் கொடுத்துவிடுகிறேன்.

சிக்கல் இதுதான். மேலத்தெரு ஆச்சிக்கு 350 ரூபாய்க்குத் துவரம் பருப்பும் எண்ணெயும் பற்று எழுதினேன். தையல்கடை அண்ணனுக்கு 90 ரூபாய்க்குச் சர்க்கரை எழுதினேன். நிலுவையைக் கேட்டால் ஆச்சிக்கு 350, அண்ணனுக்கு 90 என்று சரியாக வருகிறது. விவரத்தை அச்சிட்டாலோ ஆச்சியின் பருப்பு அண்ணன் கணக்கிலும், அண்ணனின் சர்க்கரை ஆச்சி கணக்கிலும் சேர்ந்தே வருகிறது. அப்பா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "நோட்டே இருக்கட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஒரே இடத்தில், ஒரே மாதிரி எழுதிய இரண்டு வரிகளில் ஒன்று ஆளுக்கு ஆள் பிரிந்து நிற்பதும் மற்றொன்று கலந்துபோவதும் எப்படி?

இன்னும் இரண்டு ஐயங்கள் உண்டு. முதலாவது, செல்ஃப் என்பது உண்மையில் என்ன? இரண்டாவது, அச்சிடும் மாதப் பட்டியலின் தலையில் கடையின் பெயரும் முகவரியும் வர வேண்டும் என்பதால், கடை என்று ஒரு கிளாஸ் எழுதி வாடிக்கையாளரை அதன் பிள்ளையாக வைத்திருக்கிறேன். அச்சு சரியாகத்தான் வருகிறது, ஆனால் மனத்துக்கு ஏதோ ஒட்டவில்லை. இது முறைதானா?


பதில் 1: குறுக்குத்துறையான்

தம்பிக்கு வணக்கம். பதினைந்து ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நீங்கள் விழுந்த குழியில் நானும் விழுந்திருக்கிறேன், சம்பளம் வாங்கிக்கொண்டே. ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிளாஸ் என்பது கொழுக்கட்டை அச்சு, ஆப்ஜெக்ட் என்பது அதில் பிடித்த கொழுக்கட்டை என்று நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். முதல் நாளுக்கு அது போதும். இரண்டாம் நாளே அது ஆளைக் குழப்பிவிடும். அச்சிலிருந்து எடுத்த பிறகு கொழுக்கட்டைக்கும் அச்சுக்கும் ஓர் உறவும் இல்லை. பைத்தானில் அப்படியில்லை. ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தான் எந்தக் கிளாஸிலிருந்து வந்தது என்பதைக் கடைசிவரை நினைவில் வைத்திருக்கிறது. தன்னிடம் இல்லாத ஒன்றைக் கேட்டால் உடனே கிளாஸிடம் போய்த் தேடுகிறது. உங்கள் பருப்பும் சர்க்கரையும் கலந்தது இந்த வழியில்தான்.

கடையில் நடப்பதாகவே நினைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு நோட்டு இருக்கிறது. சுவரில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கரும்பலகை தொங்குகிறது. நீங்கள் கிளாஸ் தலைப்பின் கீழ் எழுதிய மூன்று வரிகளும் கரும்பலகையில் எழுதப்பட்டவை. யாருடைய நோட்டிலும் இன்னும் ஓர் எழுத்துகூட இல்லை. இப்போது ஆச்சிக்குப் பற்று எழுதும்போது இந்த வரி ஓடுகிறது (செல்ஃப் என்ற இடத்தில் ஆச்சியையே வைத்து எழுதுகிறேன்):

ஆச்சி.நிலுவை = ஆச்சி.நிலுவை + 350

சமன் குறிக்கு வலப்பக்கம்தான் முதலில் நடக்கிறது. ஆச்சியின் நோட்டில் நிலுவை என்று ஒன்று இருக்கிறதா என்று பைத்தான் பார்க்கிறது; இல்லை. கரும்பலகையைப் பார்க்கிறது, அங்கே 0 இருக்கிறது. அதோடு 350ஐக் கூட்டுகிறது. பிறகு இடப்பக்கம் வருகிறது. மதிப்பைப் பொருத்தும் வேலை எப்போதும் ஆச்சியின் சொந்த நோட்டில்தான் நடக்கும். கரும்பலகையை அது தொடாது. ஆகவே ஆச்சியின் நோட்டில் நிலுவை 350 என்று முதன்முறையாக எழுதப்படுகிறது, பலகையிலோ 0 அப்படியே நிற்கிறது. அண்ணனுக்கும் இதே கதை. நிலுவை பிரிந்து நின்றது உங்கள் திறமையால் நடந்தது என்று எண்ணிவிடாதீர்கள், அது தற்செயல்.

பற்றுகள் பட்டியலுக்கு வருவோம். அங்கே நீங்கள் சமன் குறியே போடவில்லை. 'ஆச்சியின் பற்றுகளை எடு, அதன் கடைசியில் பருப்பைச் சேர்' என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள். ஆச்சியின் நோட்டில் பற்றுகள் இல்லை. கரும்பலகையில் ஒரு வெற்றுப் பட்டியல் இருக்கிறது. பைத்தான் அதை எடுத்துக் கொடுக்கிறது. பருப்பு அதிலேயே ஏறிவிடுகிறது. அடுத்து அண்ணன் வருகிறார்; அவருக்கும் அதே பலகை, அதே பட்டியல். கிளாஸ் ஒன்று என்பதால் அந்தப் பட்டியலும் கடை முழுமைக்கும் ஒன்றுதான்.

நான் சொல்வதை நம்பி விட்டுவிடாமல் நீங்களே சோதித்துப் பாருங்கள். ஆச்சிக்கும் அண்ணனுக்கும் பற்று எழுதிய பிறகு, வார்ஸ் என்ற உள்ளமைந்த ஃபங்ஷனுக்குள் ஆச்சியைக் கொடுத்து அச்சிடுங்கள். அது ஆச்சியின் சொந்த நோட்டில் இருப்பதை மட்டும் காட்டும். பெயர், நிலுவை என்ற இரண்டு சாவிகள் மட்டுமே வரும். பற்றுகள் என்ற சாவி இருக்காது. அது ஆச்சியிடம் இருந்ததே இல்லை என்பது அப்போது கண்ணுக்கே தெரியும்.

இதைச் சரிசெய்வதற்குத்தான் நீங்கள் எழுதாமல் விட்ட அந்த இனிட் மெத்தட் இருக்கிறது. ஒவ்வொரு ஆப்ஜெக்டும் உருவாகும் கணத்தில் பைத்தான் அதைத் தானாக அழைக்கிறது; புது வாடிக்கையாளருக்குப் புது நோட்டுப் போட்டு முதல் பக்கத்தில் பெயர் எழுதும் சடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர், நிலுவை, பற்றுகள் ஆகிய மூன்று வரிகளையும் அதற்குள் கொண்டுபோய், ஒவ்வொன்றின் முன்னாலும் செல்ஃபும் புள்ளியும் போடுங்கள். இனிட் ஒவ்வொரு முறை ஓடும்போதும் அந்தச் சதுர அடைப்பு ஒரு புதிய வெற்றுப் பட்டியலை உருவாக்கும். எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவானது என்று உண்மையிலேயே ஏதாவது இருந்தால், அதை மட்டும் பலகையில் விட்டுவையுங்கள்.

இதே குழிக்கு இரட்டைப் பிறவி ஒன்று உண்டு. இனிட்டின் அடைப்புக்குறிக்குள் பற்றுகள்=[] என்று இயல்பு மதிப்பாக எழுதினாலும், அந்தப் பட்டியல் ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போது ஒரே ஒருமுறைதான் உருவாகும்; மறுபடியும் எல்லாருக்கும் ஒரே பட்டியல்தான். பைத்தான் 3.7இல் வந்த, இனிட்டைத் தானே எழுதித் தரும் டேட்டாகிளாஸ் வசதியில் லிஸ்டை அப்படி இயல்பு மதிப்பாகக் கொடுத்தால், அது நிரலை ஓடவே விடாமல் பிழை காட்டி நிறுத்திவிடும். எத்தனை பேர் இதில் விழுந்திருந்தால் அந்தத் தடையைப் போட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி செல்ஃப். உங்கள் பழைய டிக்‌ஷனரி நிரலில் பற்று_எழுது என்ற ஃபங்ஷனுக்கு முதல் உள்ளீடாக என்ன கொடுத்தீர்கள்? யாருக்குப் பற்று என்பதைத்தானே? செல்ஃப் அதே உள்ளீடுதான்; புதிதாக எதுவும் முளைத்துவிடவில்லை. கீழே உள்ள இரண்டு வரிகளையும் ஓட்டிப் பாருங்கள்; இரண்டும் ஒரே வேலையைச் செய்யும்.

ஆச்சி.பற்று_எழுது(350, "துவரம் பருப்பு")
வாடிக்கையாளர்.பற்று_எழுது(ஆச்சி, 350, "துவரம் பருப்பு")

முதல் வரியில் புள்ளிக்கு முன்னால் நிற்பவரைப் பைத்தான் எடுத்து, மெத்தடின் முதல் உள்ளீடாகத் தானே வைத்துவிடுகிறது. செல்ஃப் என்பது ஒதுக்கப்பட்ட சொல்லும் கிடையாது, வழக்கம் மட்டுமே. அந்த இடத்தில் 'இவர்' என்று எழுதினாலும் நிரல் ஓடும். இவர்.நிலுவை = இவர்.நிலுவை + தொகை என்று தமிழில் படிக்கும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். பிறர் படிக்கப் போகும் நிரலில் மட்டும் வழக்கத்தையே பின்பற்றுங்கள். பழகும்போது இப்படி எழுதிப் பார்ப்பதில் தவறில்லை.

ஒரு சிறு குறிப்பு: நான் வேண்டுமென்றேதான் ஆப்ஜெக்ட் என்று எழுதுகிறேன். 'பொருள்' என்று எழுதலாம்தான். ஆனால் மளிகைக் கடை நிரலில் பொருள் என்றால் அது பருப்பா, ஆப்ஜெக்டா, சொல்லின் அர்த்தமா என்று மூன்று வழியில் குழம்ப நேரிடும்.


பதில் 2: பழைய கம்பைலர்

மேலே உள்ள விளக்கத்தோடு முழுக்க உடன்படுகிறேன். கடைக்கும் வாடிக்கையாளருக்கும் உள்ள பெற்றோர்-பிள்ளை உறவைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனென்றால் புதிதாகப் படிப்பவர்கள் இன்ஹெரிட்டன்ஸில் (பெற்றோர் கிளாஸில் உள்ளதெல்லாம் பிள்ளைக் கிளாஸுக்கும் வந்து சேர்வதில்) செய்யும் முதல் தவறு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது.

உங்கள் மனத்துக்கு ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனத்தை நம்புங்கள். 'வாடிக்கையாளர் ஒரு வகைக் கடை' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தமிழே அதை ஏற்காது. வாடிக்கையாளருக்குக் கடையின் முகவரி தேவைப்படுகிறது என்பதற்காக அவரைக் கடையின் பிள்ளையாக்கினால், நாளைக்குக் கடை கிளாஸில் சரக்கு_கொள்முதல் என்று ஒரு மெத்தட் எழுதியதும் ஆச்சியும் மொத்த வியாபாரியிடம் சரக்கு வாங்கத் தொடங்கிவிடுவார். பட்டியல் அச்சிடும் மெத்தடுக்குக் கடை ஆப்ஜெக்டை ஓர் உள்ளீடாகக் கொடுத்தால் போதும். அல்லது கடை என்ற ஆப்ஜெக்டுக்குள் வாடிக்கையாளர்களின் பட்டியலை வையுங்கள். கடைக்கு வாடிக்கையாளர்கள் உண்டு என்பதுதானே நடப்பு.

பெரிய இடத்திலும் இந்தத் தவறு நடந்திருக்கிறது என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஜாவா மொழியோடு வரும் நூலகத்தில் ஸ்டேக் என்ற கிளாஸ் தொடக்கக் காலத்திலிருந்தே இருக்கிறது. ஸ்டேக் என்றால் அடுக்கி வைத்த தட்டுகள் போல. மேலே வைக்கலாம், மேலிருந்து எடுக்கலாம், நடுவில் கை வைக்கக் கூடாது. ஆனால் அதை வெக்டர் என்ற பட்டியல் கிளாஸின் பிள்ளையாக எழுதிவிட்டார்கள். வெக்டரில் எந்த இடத்திலும் எதையும் செருகலாம் என்பதால், அந்த உரிமை ஸ்டேக்குக்கும் வந்து சேர்ந்தது. தட்டுகளின் நடுவில் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம் என்றாகிவிட்டது. பழைய நிரல்கள் ஓட வேண்டும் என்பதால் அதை நீக்கவும் முடியவில்லை. இன்று ஜாவாவின் ஆவணமே அதற்குப் பதிலாக டெக் என்ற மற்றொன்றைப் பயன்படுத்தச் சொல்கிறது. 2009இல் வெளிவந்த கோ மொழியை வடிவமைத்தவர்கள் கிளாஸ்களுக்கு இடையிலான இன்ஹெரிட்டன்ஸையே வைக்கவில்லை.

இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நாய் பூனை எடுத்துக்காட்டுகளின் மயக்கம் கொஞ்சம் தெளியும். நார்வேயின் ஆஸ்லோவில் உள்ள நார்வே கணினி மையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நீகார்ட் ஆகிய இருவரும் 1960களில் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். வரிசையில் காத்திருப்பவர்கள், வந்து போகும் வண்டிகள், அவற்றைக் கவனிக்கும் கவுண்டர்கள் போன்றவற்றைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பது அதன் நோக்கம். நூறு வண்டிகள் என்றால் நூறும் ஒரே விதிப்படி நடக்கும், ஆனால் ஒவ்வொன்றும் வேறு இடத்தில், வேறு நிலையில் நிற்கும். விதியை ஒருமுறை எழுதி, நிலையை ஒவ்வொன்றுக்கும் தனியே வைக்க வேண்டும் என்ற அந்தத் தேவைதான் சிமுலா 67இல் கிளாஸாகவும் ஆப்ஜெக்டாகவும் வடிவம் பெற்றது. உங்கள் கடன் நோட்டும் அதே வகைதான்: பற்று எழுதும் விதி ஒன்று, நிலுவை ஆளுக்கு ஒன்று. சிமுலாவைப் பயன்படுத்திப் பழகிய பியார்ன் ஸ்ட்ரவுஸ்ட்ரப் 1979இல் பெல் ஆய்வகத்தில் சி மொழியோடு கிளாஸ்களைச் சேர்க்கத் தொடங்கினார். அது 1983இல் சி++ என்ற பெயரைப் பெற்றது.

ஸ்மால்டாக் மொழியை ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் உருவாக்கிய ஆலன் கே இன்னொரு கோணத்தைக் கொடுத்தார். அவரைப் பொறுத்தவரை ஆப்ஜெக்டுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகள்தான் முதன்மை; ஆப்ஜெக்ட் என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்காகப் பின்னாளில் வருந்தியும் எழுதியிருக்கிறார். ஆகவே, 'பொருள்நோக்கு நிரலாக்கத்தின் நான்கு தூண்கள் யாவை' என்று தேர்வில் கேட்கப்படும் கேள்விக்கு மனப்பாடம் செய்த பதிலை எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து மறந்துவிடலாம் என்பது என் கருத்து.


பதில் 3: நெசவுநிரல்

இருவரும் கிளாஸை எப்படிச் சரியாக எழுதுவது என்று சொல்லிவிட்டார்கள். கிளாஸ் வேண்டுமா என்பதை யாரும் கேட்கவில்லை. டிக்‌ஷனரியில் எழுதியது ஒழுங்காக ஓடியது என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த டிக்‌ஷனரிகளை ஜேசன் (தரவை உரையாக எழுதிவைக்கும் வடிவம்) கோப்பாக ஒரே வரியில் சேமிக்கலாம், ஒரே வரியில் திரும்ப வாசிக்கலாம். ஆப்ஜெக்டை அப்படியே ஜேசனில் எழுத முடியாது. அதை டிக்‌ஷனரியாக மாற்றவும், மறுபடி ஆப்ஜெக்டாக்கவும் நீங்கள்தான் வழி எழுத வேண்டும். மின்சாரம் போனால் கணக்கு போய்விடக் கூடாது என்பது மளிகைக் கடைக்கு எந்தத் தூணையும்விட முக்கியம்.

அப்படியானால் கிளாஸ் எப்போது தேவை? என் அனுபவத்தில், மீறக் கூடாத ஒரு விதி தரவோடு ஒட்டியிருக்கும்போது. நீங்கள் கணக்கு படித்தவர் என்பதால் உடனே பிடித்துக்கொள்வீர்கள். நிலுவை என்பது என்ன? எழுதிய பற்றுகளின் கூட்டுத்தொகையிலிருந்து வரவுகளின் கூட்டுத்தொகையைக் கழித்தால் வருவது. உங்கள் நிரலிலோ நிலுவை ஒரு பக்கமும் பற்றுகள் ஒரு பக்கமும் தனித்தனியாக இருக்கின்றன. நிரலின் வேறொரு மூலையிலிருந்து ஆச்சி.நிலுவை = 0 என்று யாராவது எழுதினால் பைத்தான் ஏன் என்று கேட்காது; சிட்டையில் ஒரு வரியும் இல்லாமல் ஆச்சியின் கடன் தீர்ந்துவிடும். பேரேட்டில் இப்படி ஒரு வேலையை எந்தக் கணக்குப்பிள்ளையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

எனவே நிலுவையைச் சேமித்தே வைக்காதீர்கள். பற்றும் வரவும் பதிவுகளாக ஒரே பட்டியலில் ஏறட்டும்; பற்று கூட்டல் குறியோடும் வரவு கழித்தல் குறியோடும் இருக்கட்டும். நிலுவை என்று கேட்கும்போது ஒரு மெத்தட் அந்தப் பட்டியலைக் கூட்டிச் சொல்லட்டும். பதிவு சேர்ப்பதற்குப் பற்று_எழுது, வரவு_வை என்ற இரண்டு வாசல்கள் தவிர வேறு வழி வேண்டாம். பட்டியலின் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டு _பதிவுகள் என்று வைத்தால், 'இது உள்வீட்டு விஷயம், வெளியிலிருந்து தொடாதே' என்று பைத்தான்காரர்கள் புரிந்துகொள்வார்கள். ஜாவாவில் பிரைவேட் என்று எழுதினால் நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே தடுத்துவிடும். பைத்தானில் அது கதவில்லை, கோலம் போட்ட வாசல்தான், மரியாதை தெரிந்தவர் மிதிக்க மாட்டார். பாடங்களில் என்கேப்சுலேஷன் என்று பெரிய பெயரில் வருவது நடைமுறையில் இதுதான்.

தொகைகளைப் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி 0.3க்குச் சமமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். இரும எண்முறையில் அந்தப் பின்னங்களைத் துல்லியமாக எழுத முடியாததே காரணம்.


மறுமொழி: சிட்டைக்காரன்

மூவருக்கும் மிக்க நன்றி. வார்ஸ் மூலம் ஆச்சியை அச்சிட்டுப் பார்த்தேன். பெயரும் நிலுவையும் மட்டுமே வந்தன. அந்த ஒரு வரியைக் கண்ட பிறகுதான் கரும்பலகைக் கதை எனக்கு முழுதாக விளங்கியது. இனிட் எழுதிவிட்டேன், கடையோடு இருந்த பெற்றோர் உறவை வெட்டிவிட்டேன், நிலுவையும் இப்போது பதிவுகளிலிருந்து கூட்டித்தான் வருகிறது. சேமிப்பதற்காக, ஆப்ஜெக்டை டிக்‌ஷனரியாக மாற்றித் தரும் மெத்தட் ஒன்றையும் எழுதினேன். நாலு வரிதான் ஆயிற்று.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. எங்கள் வாடிக்கையாளர்களில் ரொக்கத்துக்கு மட்டுமே வாங்குபவர், 2,000 ரூபாய் வரை கடன் கொடுக்கலாம் என்பவர், எவ்வளவு வேண்டுமானாலும் எழுதிவிட்டுச் சம்பள நாளில் தீர்ப்பவர் என்று மூன்று வகை உண்டு. அதேபோல் பட்டியலைச் சிலருக்குத் தாளில் அச்சிட்டுக் கொடுக்கிறோம், சிலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். இந்த வகைகளைப் பார்த்து இஃப் போடும் வரிகள் நிரலில் ஐந்து இடங்களில் வந்துவிட்டன. இங்கேதான் பாலிமார்ஃபிசம் வர வேண்டுமா? வாடிக்கையாளருக்கு மூன்று பிள்ளைக் கிளாஸ்கள் எழுதட்டுமா?


பதில் 4: குறுக்குத்துறையான்

வாடிக்கையாளர் வகைகளுக்கு வேண்டாம், பட்டியல் அனுப்பும் வேலைக்கு வேண்டும்.

வாடிக்கையாளர்களின் மூன்று வகையையும் உற்றுப் பாருங்கள். அவர்களுக்குள் மாறுவது ஒரே ஓர் எண், கடன் வரம்பு. ரொக்கக்காரரின் வரம்பு 0, இரண்டாமவருக்கு 2,000, மூன்றாமவருக்கு வரம்பே இல்லை. எண்ணில் மட்டும் வேறுபடுபவர்களுக்குத் தனித்தனிக் கிளாஸ் எழுதினால், நாளை இரண்டாமவருக்கு அப்பா 3,000 வரை கொடுக்கலாம் என்று சொன்னால் நான்காவது கிளாஸ் எழுதுவீர்களா? இனிட்டில் வரம்பு என்று ஓர் உள்ளீடு சேருங்கள். பற்று_எழுது என்ற மெத்தட் நிலுவையோடு புதிய தொகையைக் கூட்டி, வரம்பைத் தாண்டினால் மறுக்கட்டும். மூன்றாமவருக்கு வரம்பாக நன் என்ற வெறுமை மதிப்பைக் கொடுத்து, அது இருந்தால் சோதிக்காமல் விட்டுவிடலாம். ஐந்து இஃப்களில் மூன்றேனும் இதிலேயே போய்விடும் என்று நினைக்கிறேன்.

பட்டியல் அனுப்பும் வேலை அப்படிப்பட்டதில்லை. தாளில் அச்சிடுவதற்கு அகலம் பார்த்து வரி மடிக்க வேண்டும், வாட்ஸ்அப்புக்கு ஒரே உரையாகக் கோக்க வேண்டும், செய்முறையே வேறு. இங்கே தாள்_அச்சு, வாட்ஸ்அப்_உரை என்று இரண்டு கிளாஸ்கள் எழுதி, இரண்டிலும் அனுப்பு என்ற ஒரே பெயரில் ஒரு மெத்தட் வையுங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளரும் தனக்கு உரிய அனுப்பும் ஆப்ஜெக்டைத் தன்னிடம் வைத்திருக்கட்டும். மாதக் கடைசி லூப்பில் இஃப்பே இருக்காது:

ஆச்சி.அனுப்புநர்.அனுப்பு(ஆச்சி)

எதிரில் இருப்பது தாளா, வாட்ஸ்அப்பா என்று அந்த வரிக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. பாலிமார்ஃபிசம் என்பது இதைத்தான் குறிக்கிறது. பைத்தானில் இந்த இரண்டு கிளாஸ்களுக்கும் பொதுவான பெற்றோர்கூட வேண்டியதில்லை. அனுப்பு என்ற பெயரில் மெத்தட் இருந்தால் போதும். ஜாவாவாக இருந்தால், எந்த மெத்தட் இருக்க வேண்டும் என்று சொல்லும் இன்டர்ஃபேஸோ பொதுவான பெற்றோரோ ஒன்றை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.


மறுமொழி: சிட்டைக்காரன்

மாற்றிவிட்டேன். மூன்று இஃப்கள் என்று நீங்கள் சொன்னீர்கள், நான்கு போய்விட்டன. ஐந்தாவது, நிலுவை 0 ஆக இருந்தால் பட்டியல் அனுப்பாதே என்பது, அது தேவைதான். இன்று காலை ஆச்சியின் பட்டியலை அச்சிட்டு அப்பாவிடம் காட்டினேன். சர்க்கரை அதில் இல்லை என்பதை இரண்டு முறை பார்த்து உறுதிசெய்துகொண்டார். இந்த மாதம் நோட்டிலும் எழுதுவது, கணினியிலும் எழுதுவது, கடைசி நாளில் இரண்டையும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு.